ஒலி வடிவங்களும் ஒலிமாற்றிகளும்: ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

எழுத்துக்கு முற்பட்டது ஒலி. ஏட்டில் எழுதப்பட்டவற்றைத் தேடிக் காப்பதற்கு உ.வே. சாமிநாதையர் போன்ற பெருமக்கள் ஊர் ஊராக அலைந்த வரலாற்றை மாணவர் அனைவரும் அறிவர். ஆனால் பேச்சாகவும் பாட்டாகவும் ஒலித்தவை காற்றோடு கலந்து மறைந்தன. ஒலிநாடா வந்த பின்னரே ஒருவருடைய குரல் எளிய மக்களின் கைக்கும் எட்டும் பொருளாயிற்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், பிற்காலத்தில் வீடுதோறும் இடம்பிடித்தது. அக்கேசட்டுகள் இன்று முதுமையடைந்துள்ளன. அவற்றை டிஜிட்டல் எனப்படும் எண்முறைக் கோப்புகளாக மாற்றும் பணி பல இடங்களிலும் நடைபெற்று வருகிறது. அப்பணியில் நாம் செய்த பிழை ஒன்றே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

முதுபெரும் பேராசிரியர் ஒருவர் சீறாப்புராணம் குறித்து ஆற்றிய உரை, அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் நம்மிடம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதனைக் கணினிக் கோப்பாக்கித் தருமாறு கடை ஒன்றில் கொடுத்தோம். எம்பி3 வடிவில் ஒரு கோப்பு கிடைத்தது. அதன் அளவு ஏறத்தாழ 14 மெகாபைட். ஒலி சற்று மங்கலாக இருந்தமையால், மாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டு அதனை வேவ் வடிவிற்கு மாற்றினோம். கோப்பு 635 மெகாபைட்டாகப் பெருத்தது. கோப்பு பெருத்ததால் ஒலியும் செழித்துவிட்டது என நம்பினோம்; பழைய கேசட்டைப் பேணாது விட்டோம்; அது தொலைந்தது. பின்னர் ஆய்வு மாணவி ஒருவர், அப்பெரியவரின் உச்சரிப்பில் குற்றியலுகரம் ஒலிக்கும் பாங்கை ஆராய விரும்பி அக்கோப்பைக் கேட்டார். சொல்லின் இறுதியில் நின்ற உகரங்கள் பலவும் மின்விசிறியின் இரைச்சலோடு கரைந்துபோயிருந்தன. அவை கேசட்டில் இருந்தனவா, கோப்பாக்கும்போது மறைந்தனவா என்று ஒப்பிட்டு அறியவும் நம்மிடம் கேசட் இல்லை.

ஒலி எவ்வாறு எண்ணாகிறது? வடிவங்கள் பலவாக இருப்பது ஏன்? ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தும் ஒரு குறியாக்கமே

ஒன்றனை வேறொரு குறியால் பதிந்து வைத்தல் குறியாக்கம் ஆகும். அவ்வகையில் எழுத்துமுறையும் ஒரு குறியாக்கமே. தமிழில் ககரத்திற்கு வரிவடிவம் ஒன்றே. எனினும் 'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்று சொற்களிலும் அது மூவகையாக ஒலிக்கிறது. வரிவடிவம் கூறாததை, வாசிப்பவர் எழுத்து நின்ற இடம் நோக்கி உணர்ந்துகொள்கிறார். குறியில் பாதியும் வாசிப்போரின் அறிவில் பாதியுமாகச் செய்தி நிற்கிறது. எண்முறைக் கோப்பும் இத்தகையதே. குறியாக எழுதும் மென்பொருளை என்கோடர் என்றும், அக்குறியை அவிழ்த்து ஒலியாக வாசிக்கும் மென்பொருளை டிகோடர் என்றும் வழங்குவர்.

ஒரு குறியில் இடம் பெறாத வேறுபாடு அதில் எழுதியவுடன் அழிந்துபோகும். இக்காலத்தார் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழை எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் 'பள்ளி', 'பல்லி' ஆகிய இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவம் பெறுகின்றன. அதனை மீண்டும் தமிழ் எழுத்திற்கு மாற்றும்போது எது எழுதப்பட்டது என்பதை எழுத்தை மட்டும் கொண்டு எவராலும் கூற இயலாது. தமிழ் எழுத்தில் லகர ளகர வேறுபாட்டிற்கு இடம் உண்டு. ஆனால் அவ்விடத்தை நிரப்புவதற்குரிய செய்தி முன்பே போய்விட்டது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுத முற்பட்டபோது, அவ்வெழுத்தில் இடம் பெறாத தமிழொலிகளுக்காக, உள்ள எழுத்துகளோடு புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். அரபுத்தமிழ் எனும் அம்முறை, ஒலியைக் குறைத்து எழுத்துக்குள் அடக்காமல், ஒலிக்கேற்ப எழுத்தை விரித்துக்கொண்டது. இழப்பில்லாத குறியாக்கத்தின் அடிப்படை இதுவே எனலாம்.

ஒலி எண்ணாகும் முறை

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் தோன்றும் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலையை மிகச் சிறிய கால இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்தால் அதுவே எண்முறை ஒலி. தொலைபேசிக்கென இம்முறையை 1937-இல் வகுத்தவர் ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ். இதனைப் பி.சி.எம். முறை என்பர்.

இம்முறையில் இரண்டு அளவுகள் முதன்மையானவை. ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கிறோம் என்பது முதலாவது. இது மாதிரி வீதம் எனப்படும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பது இரண்டாவது. இது பிட் ஆழம் எனப்படும். கண்ணிமைக்கும் அளவையும் விரல் நொடிக்கும் அளவையும் மாத்திரை எனக் கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்திற்குக் கால் என வகுத்தது நம் இலக்கணம். ஒலியைக் காலத்தால் பகுத்து அளக்கும் அச்சிந்தனை, இக்கருவிகளில் மிக நுண்ணிய அளவில் செயற்படுகிறது.

ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுத்தால், அவ்வொலியை முழுமையாக மீட்க இயலும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனவே 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதம் அமைந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட். அதாவது 65,536 படிநிலைகள். இடம், வலம் என இரு தடங்கள். இவற்றைப் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட் ஆகும். ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட், ஒரு மணி நேரத்திற்கு 635 மெகாபைட். நம் கோப்பு பெருத்த கணக்கு இதுவே.

பழைய எண்முறைத் தொலைபேசியோ நொடிக்கு 8,000 மாதிரிகளே எடுத்தது. 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அது ஏறத்தாழ நீக்கிவிட்டது. 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளை வேறுபடுத்தும் கூறுகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு மேல் உள்ளன. ஆதலால் தொலைபேசியில் பெயர் கூறும்போது ஓரெழுத்தை மற்றோர் எழுத்தாகக் கேட்டு மயங்கினோம். செவியின் குறை அன்று அது, குறியின் குறை.

மூவகை வடிவங்கள்

ஒலிக் கோப்புகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகை, அளந்த எண்களை அவ்வாறே எழுதி வைப்பது. 1991-இல் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் நிறுவனங்கள் வெளியிட்ட வேவ் வடிவம் பெரும்பாலும் இவ்வகையில் பயன்படுகிறது. இதில் சுருக்கமும் இல்லை, இழப்பும் இல்லை.

இரண்டாம் வகை, இழப்பின்றிச் சுருக்குவது. 2001-இல் வெளியான ஃபிளாக் இதற்குச் சிறந்த சான்று. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரி எவ்வளவாக இருக்கும் என்பதை அது கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. வேறுபாடு சிறிய எண்ணாதலின் குறைந்த இடமே போதும். அவிழ்க்கும்போது அதே கணிப்பைச் செய்து வேறுபாட்டைக் கூட்டினால் மூல எண்கள் ஒன்றும் குறையாமல் மீள்கின்றன. கோப்பு பொதுவாக மூலத்தின் பாதி முதல் முக்கால் வரையிலான அளவிற்குச் சுருங்கும். மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண் ஒன்றையும் அக்கோப்பு தன்னுள் கொண்டிருக்க வழியுண்டு. பின்னாளில் கோப்பு சிதைந்ததா இல்லையா என்பதை அது காட்டிவிடும்.

மூன்றாம் வகை, இழப்புடன் சுருக்குவது. எம்பி3, ஏஏசி, வோர்பிஸ், ஓப்பஸ் ஆகியவை இவ்வகையின. கல்யாண வீட்டில் மேளம் முழங்கும்போது அருகிலிருப்பவர் மெல்லப் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. பேச்சு இல்லாமல் இல்லை. வலிய ஒலி மெலிய ஒலியை மறைக்கிறது. செவியின் இவ்வியல்பைப் பயன்படுத்தி, கேளாது என்று கருதும் பகுதியை என்கோடர் குறைவான பிட்டுகளால் பரும்படியாக எழுதுகிறது, அல்லது முற்றும் விட்டுவிடுகிறது. எம்பி3 முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகக் கையாளுகிறது. குறுந்தகட்டு வீதத்தில் ஒரு துண்டு 26 மில்லிநொடி. ஒவ்வொரு துண்டிலும் எதை நுட்பமாக எழுதுவது, எதைக் குறைப்பது என என்கோடர் முடிவு செய்கிறது. நொடிக்கு 128 கிலோபிட் என்று வரையறுத்தால், குறுந்தகட்டு ஒலி ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இம்முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். இசைக் கருவி எதுவுமின்றி சூசன் வேகா தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாடலை அவர் தம் சோதனைகளில் பயன்படுத்தினார். தொடக்க நிலைக் குறியாக்கத்தில் அத்தனிக்குரல் மிகவும் சிதைந்து ஒலித்தது. அதனைத் திருத்தும் பொருட்டு மீண்டும் மீண்டும் அப்பாடலைக் கேட்டு முறையைச் செம்மை செய்தார். மறைப்பதற்கு வேறு ஒலி இல்லாத தனிக்குரலே சுருக்கும் முறைக்குக் கடுஞ்சோதனையாயிற்று என்பதை உரைகளையும் ஓதல்களையும் பேண விரும்பும் நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. எம்பி3 தரநூல் டிகோடர் வாசிக்கும் முறையையே வரையறுக்கிறது. எதைக் குறைப்பது என்பதை என்கோடரின் திறமைக்கு விட்டுவிடுகிறது. ஆதலால் ஒரே ஒலியை, ஒரே பிட் வீதத்தில், இரண்டு மென்பொருள்கள் எழுதினால் தரம் வேறுபடக்கூடும்.

ஒலிமாற்றியின் பணி

ஒரு வடிவத்தைக் கருவியிடம் கொடுத்தால் அது படிப்படியாகச் செயற்படுகிறது.

முதலாவது, கோப்பின் உறையைப் பிரிக்கிறது. கோப்புப் பெயரின் இறுதியில் நிற்கும் எழுத்துகள் உறையை மட்டுமே குறிக்கும். 'எம்4ஏ' என முடியும் உறைக்குள் இழப்புடைய ஏஏசியும் இருக்கலாம். இழப்பற்ற ஆலாக்கும் இருக்கலாம். மாற்றி, கோப்பின் தலைப்பகுதியைப் படித்து உள்ளே இருப்பது இன்னது என அறிந்துகொள்கிறது. பெயரின் ஈற்றெழுத்துகளைத் திருத்துவதால் வடிவம் மாறிவிடாது. உறையின் மேல் முகவரியைத் திருத்துவதால் உள்ளிருக்கும் கடிதம் மாறுவதுண்டோ?

இரண்டாவது, உரிய டிகோடரைக் கொண்டு குறியை அவிழ்த்துப் பி.சி.எம். எண்களாக்குகிறது. எம்பி3 ஆயினும் ஃபிளாக் ஆயினும் ஓப்பஸ் ஆயினும் வழக்கமாக இந்நிலைக்கு வந்தே தீர வேண்டும். எல்லா வடிவங்களும் வந்து கூடும் சந்தி இதுவே.

மூன்றாவது, வேண்டிய இடத்தில் மாதிரி வீதத்தையும் பிட் ஆழத்தையும் மாற்றுகிறது. 44,100 என்ற வீதத்தை 48,000 ஆக்க வேண்டுமெனில் 147 மாதிரிகளுக்கு ஈடாக 160 மாதிரிகளைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டும். 24 பிட்டை 16 பிட்டாகக் குறைக்கும்போது, கீழ்ப்பகுதியை வெறுமனே வெட்டினால் மெல்லிய ஒலிகளில் கரகரப்புத் தோன்றும். ஆதலால் டிதர் எனப்படும் மிக நுண்ணிய இரைச்சலைச் சேர்த்துப் பின் குறைப்பர்.

நான்காவது படியில் வழி இரண்டாகப் பிரிகிறது. வேறு கோப்பாக வேண்டுமெனில் அவ்வெண்களைப் புதிய என்கோடர் மீண்டும் குறியாக்குகிறது. கேட்பதற்கெனில் அவ்வெண்கள் டி.ஏ.சி. எனப்படும் சில்லுக்குச் செல்கின்றன. அது எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றி, படிகளின் கூர்மையை வடிகட்டி நீக்கி, பெருக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்புகிறது. எம்பி3 என்றும் ஃபிளாக் என்றும் பெரும்பாலான சில்லுகள் அறியா. வடிவ வேறுபாடெல்லாம் அதற்கு முன்னரே தீர்ந்துவிடுகிறது. 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ சிடி, நொடிக்கு 28,22,400 முறை ஒற்றைப் பிட்டாக எழுதும் தனிமுறையைக் கொண்டது. அதனை நேராக ஏற்கும் சில்லுகளும் உண்டு, ஏற்காதவற்றிற்குப் பி.சி.எம். ஆக மாற்றியே அனுப்ப வேண்டும்.

இழப்பின் கணக்கு

மேற்கண்ட படிகளைக் கருத்திற் கொண்டால் நம் பிழை எங்கு நேர்ந்தது என்பது புலனாகும். கடையில் தந்த கோப்பு நொடிக்கு 32 கிலோபிட் வீதத்தில் எழுதப்பட்டது. அத்தகைய குறைந்த வீதத்தில் உயர் அதிர்வெண்களும் மெல்லொலிகளும் பெரிதும் குறைக்கப்படும். அதனை வேவ் ஆக்கியபோது, டிகோடர் தனக்குக் கிடைத்ததை மட்டுமே எண்களாக விரித்து எழுதியது. 635 மெகாபைட் இடத்தில் 14 மெகாபைட் செய்தியே பரவிக் கிடந்தது. பல்லி என்றோ பள்ளி என்றோ அறியாத ஒருவர், அச்சொல்லைப் பெரிய தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தமை போன்றது அது. பெரிய பாத்திரத்தில் ஊற்றுவதால் பால் பெருகுவதில்லை.

இழப்புடைய வடிவத்திலிருந்து மற்றோர் இழப்புடைய வடிவத்திற்கு மாற்றினால் தீங்கு மேலும் மிகும். முதல் என்கோடர் ஒருவகையில் குறைத்ததை, இரண்டாவது தன் கணக்கின்படி மறுபடியும் குறைக்கிறது. முதலாவது விட்டுச்சென்ற சிதைவையும் அது ஒலியெனவே கருதி, அதற்கும் பிட்டுகளைச் செலவிடுகிறது. ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோர் பிழைமேற் பிழை பெருக்கிய வரலாறு இங்கும் நிகழ்கிறது. கம்பியில்லாப் புளூடூத் கேட்பியில் எம்பி3 பாடலைக் கேட்கும்போது, கைப்பேசி பொதுவாக அதனை அவிழ்த்து, எஸ்பிசி போன்ற வேறொரு முறையில் மீண்டும் குறியாக்கி அனுப்புகிறது. கேட்பதற்கு மட்டுமாயின் இதனால் கேடில்லை. மூலம் கைப்பேசியில் அவ்வாறே இருக்கிறது. ஆனால் அவ்வாறு மாறிய ஒலியையே மீண்டும் பதிந்து மூலமென வைத்துக்கொண்டால் கேடுண்டு.

இழப்புடைய வடிவங்கள் தீயவை என்பது நம் கருத்தன்று. வாட்ஸ்அப் குரற்செய்திகள் ஓப்பஸ் வடிவில் செல்கின்றன. 2012-இல் தரப்படுத்தப்பட்ட அது, பேச்சுக்கு ஒரு முறையும் இசைக்கு ஒரு முறையும் தன்னுள் கொண்டு, நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை இயங்கவல்லது. கடல் கடந்து பணிபுரியும் மகனின் குரல் தாய்க்கு உடனே வந்து சேர்வது இத்தகைய சுருக்கத்தால்தான். அனுப்புவதற்குரிய வடிவம் வேறு. வைப்பதற்குரிய வடிவம் வேறு என்பதை உணர்ந்தால் போதும்.

செய்யத் தக்கன

ஒலிநாடாக்களை வைத்திருப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

1. நாடா ஓடும் கருவியின் தலைப்பகுதியை முதலில் தூய்மை செய்தல் வேண்டும். அழுக்கால் மங்கிய ஒலியை எந்த வடிவமும் தெளிவாக்காது.

2. முதற் பதிவை நொடிக்கு 48,000 மாதிரிகளுக்குக் குறையாமலும் 24 பிட் ஆழத்திலும் வேவ் வடிவில் செய்தல் வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமாகிய ஐஏஎஸ்ஏ வழங்கும் குறைந்த அளவு இதுவே. பதிவின் அளவுமானி உச்சத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். உச்சத்தைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலி மீளாது.

3. அக்கோப்பை மூலப்படியாகக் கொண்டு, தனித்தனி இடங்களில் இரண்டு மூன்று படிகள் வைத்தல் வேண்டும். இடம் போதாதெனில் ஃபிளாக் ஆக்கலாம். எம்பி3 ஆக்குதல் கூடாது.

4. இரைச்சல் நீக்குதல், ஒலி கூட்டுதல் ஆகியவற்றை மூலப்படியில் செய்யாமல் அதன் நகலில் செய்தல் வேண்டும். பிறருக்கு அனுப்பும் சிறிய கோப்புகளை ஒவ்வொரு முறையும் மூலப்படியிலிருந்தே உருவாக்குதல் வேண்டும்.

5. பேசியவர், இடம், நாள், கேசட்டின் மேல் எழுதியிருந்த குறிப்பு ஆகியவற்றையும் உடன் எழுதி வைத்தல் வேண்டும். பெயரற்ற குரல், முன்னும் பின்னும் ஏடிழந்த சுவடி போன்றது.

6. கோப்பு கைக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கேசட்டை எறிதல் ஆகாது. அதுவே முதல் மூலம்.

முடிவுரை

ஒலிமாற்றி அறிவுடைய கருவியன்று, ஒழுங்குடைய கருவி. தன்னிடம் கொடுக்கப்பட்ட குறியை விதிப்படி அவிழ்க்கும். கேட்ட வடிவில் மீண்டும் எழுதும். குறியில் இல்லாத ஒலியை அது மீட்டுத் தருவதில்லை. எனவே எதைப் பேணுவது, எதைக் கழிப்பது என்னும் முடிவை முதற் குறியாக்கத்தின் போதே நாம் எடுத்துவிடுகிறோம். தெரிந்து எடுத்தாலும் தெரியாது எடுத்தாலும் விளைவு ஒன்றே.

நாம் இழந்த அவ்வுரையைச் செவிமடுத்தவர்களுள் சிலர் அன்று தம் கருவிகளிலும் பதிவு செய்தனர் என்பது நினைவிருக்கிறது. அவர்தம் வீட்டு அலமாரியில், மூடி உடைந்த பெட்டியொன்றில், அதன் மற்றொரு படி இன்னும் இருக்கக்கூடும். இம்மலரைப் படிக்கும் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் இல்லங்களில் உள்ள பழைய கேசட்டுகளை ஒருமுறை எடுத்துப் பார்த்தருள வேண்டுகிறோம். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியர் குரலை அடுத்த விடுமுறையிலேனும் முறைப்படி பதிந்து வைத்தல் வேண்டும். கால் மாத்திரை மகரத்திற்கும் அரை மாத்திரை உகரத்திற்கும் இலக்கணத்தில் இடம் அமைத்தவர் நம் முன்னோர். அவர் வழிவந்த நாம் நம் கோப்புகளிலும் அவற்றிற்கு இடம் அமைப்போமாக.